நார்வேக்காரர் தூங்காத இருபத்தொரு பகல்

என் மூத்த மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்குப் பதினொரு பேர். மற்ற பாடமெல்லாம் மலையாளத்தில் நடக்கும். தமிழ்ப் பீரியட் வந்தால் மட்டும் இந்தப் பதினொரு பேரும் எழுந்து வேறு அறைக்குப் போவார்கள். அந்த அறையில் வைத்து ஒருநாள் அவள், "எங்க அப்பாவுக்கு நார்வே பாஷை தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். மற்ற பத்துப் பேரும் சிரித்துவிட்டார்களாம். சிரித்ததில் தப்பே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வேலை, கஞ்சி காய்ச்சுவது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் மலையாளத்தில் சண்டை போடத் தெரியாது.

"நீங்களே எழுதித் தாங்கப்பா, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள் மகள். அதனால் எழுதுகிறேன். சிரித்த பிள்ளைகளும் கேட்கலாம். பிழை இருந்தால் அவள் திருத்திக்கொள்வாள்.

நாங்கள் இருப்பது தம்பானூரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம். நான் வேலை பார்க்கிற ஆயுர்வேத வைத்தியசாலை வித்துரா தாண்டி, கல்லாறு போகிற வழியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. பஸ்ஸில் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், திரும்பி வர இரண்டு மணி நேரம். இந்த நான்கு மணி நேரத்தை மறந்துவிடாதீர்கள். நான் பாஷை படித்தது அந்த பஸ்ஸில்தான்.

வைத்தியசாலையில் மொத்தம் எட்டு அறை. வெளிநாட்டுக்காரர்கள் மூன்று வாரம் வந்து தங்குவார்கள். முதலில் மருந்து காய்ச்சிய நெய் குடிக்க வேண்டும். அடுத்து எண்ணெய். அதற்கடுத்து கிழி, அதாவது மருந்தைத் துணியில் கட்டிச் சூடு பண்ணி உடம்பில் ஒற்றி எடுப்பது. சாப்பாடு கஞ்சியும் பயறும். பத்தியம் நிறைய உண்டு. குளிர்ந்த தண்ணீர் ஆகாது, காற்றில் நிற்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய பத்தியம், பகலில் தூங்கக் கூடாது என்பது. பகலில் தூங்கினால் கபம் ஏறும், குடித்த நெய்யெல்லாம் வீண் என்று எங்கள் டாக்டர் சொல்வார். டாக்டர் சின்ன வயதுப் பெண். சிரித்த முகம்தான், ஆனால் அவரிடம் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது.

கஞ்சியைச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியும் போடாமல், ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் மத்தியானம் ஒரு மணி முதல் நாலு மணி வரை முழித்திருப்பது சாமானியமில்லை. அதனால் அங்கே அதற்கென்று ஒரு ஆள் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு கதவாகத் தட்டி, சூடான சீரகத் தண்ணீர் கொடுத்து, முழித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். காலையில் கஞ்சி, மத்தியானம் இது. அந்த ஆள் நான்.

போன ஜனவரியில் ஏழாம் நம்பர் அறைக்கு நார்வேக்காரர் வந்தார். என் வயதுதான். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். நிமிரும்போது ஒருமுறையாவது இடித்துக்கொள்வார், இடித்த நிலையிடம் மன்னிப்பும் கேட்பார். அவர் ஊரில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் பனி விழுந்து மூடிவிடுமாம். முன்னால் பெரிய தகடு வைத்த லாரியை ஓட்டிப் போய் அதை ஒதுக்கித் தள்ளுவது அவர் வேலை. காலையில் ஜனங்கள் வெளியே வருவதற்குள் ரோடு தயாராக இருக்க வேண்டும் என்பதால் ராத்திரியில்தான் லாரி ஓடும். இருபது வருஷமாக ராத்திரி வேலை, பகல் தூக்கம். அப்படிப்பட்டவரைப் பகல் தூங்கக் கூடாத இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய வலது தோள். தோள் இறுகிப் போய், கையை முன்னால் பாதிக்கு மேல் நீட்ட முடியவில்லை.

லாரி ஓட்ட அந்தப் பாதிக் கை போதும். டிராம்போன் ஊதத்தான் போதாது. டிராம்போன் என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் ஒருவர் நீளமான பித்தளைக் குழாயை முன்னால் தள்ளியும் பின்னால் இழுத்தும் ஊதுவாரே, அது. அவர் ஊர் பேண்டில் அவர்தான் டிராம்போன். மே மாதம் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் கொடி பிடித்துத் தெருவில் ஊர்வலம் போவார்களாம். பேண்டு கூடவே போகும். இந்த வருஷம்தான் அவருடைய மகள் முதல்முறையாக நடக்கப் போகிறாள். அதற்குள் கை முழுசாக நீளவில்லை என்றால் அவர் இடத்தில் வேறு ஆள் ஊதுவார். மகள் நடப்பாள், அப்பா ஓரத்தில் நின்று கை தட்ட வேண்டும். ஒரு கை சரியாக வராமல் எப்படித் தட்டுவது என்று அவரே கேட்டுச் சிரித்தாராம். இதையெல்லாம் டாக்டர்தான் எனக்கு மலையாளத்தில் சொன்னார்.

வந்த முதல் நாள் மத்தியானம் தூங்கிவிட்டார். இரண்டாம் நாளும் தூங்கிவிட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நெய் ஆரம்பித்த பிறகு இது நடக்கக் கூடாது, இன்னொரு தடவை தூங்கினால் சிகிச்சையை நிறுத்த வேண்டியிருக்கும், மறுபடி முதலில் இருந்து தொடங்க அவருக்கு லீவு கிடையாது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது என்றார். சொல்லிவிட்டு, "சேட்டன்டெ கையிலா" என்றார். என் கையில் இருக்கிறது என்று அர்த்தம். நார்வேக்காரர் கை என் கையில்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நம்பருக்கு மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனேன். கதவைத் தட்டி, "முழிச்சிருக்கீங்களா?" என்பேன். தமிழில்தான். இங்கிலீஷில் கேட்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு ஒரு வார்த்தை சொல்வதற்குள் வேர்த்துவிடும். என் மகள்கள் உட்பட ஊரில் எல்லோருக்கும் என் இங்கிலீஷில் எங்கே தப்பு என்று தெரியும். அதனால் வாயே திறப்பதில்லை. தட்டிவிட்டுத் தமிழில் கேட்டேன். மூன்று நாளில் அவருக்கு அர்த்தம் பிடிபட்டது. உள்ளேயிருந்து அவர் பாஷையில் பதில் சொன்னார்.

"யெய் ஆர் வோக்கன்."

நான் முழித்திருக்கிறேன் என்று அர்த்தம். நான் படித்த முதல் நார்வே வாக்கியம் அது. ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை கேட்டால் மாட்டுக்குக்கூட வந்துவிடும். நானும் திருப்பிச் சொன்னேன், அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு வேர்க்கவில்லை. இந்தப் பாஷையில் நான் தப்புச் சொன்னால் கண்டுபிடிக்கத் திருவனந்தபுரம் ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் கண்டுபிடித்தால் சிரிக்காமல் நிதானமாக இன்னொரு முறை சொல்லுவார்.

முழித்திருப்பதற்காக அவர் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவார். முதலில் போட்டது அவர்கள் பேண்டு வாசித்த ஊர்வலப் பாட்டு. தெருக்கோடியில் ஏதோ வருகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து, திரும்பியதும் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நான் சீரகத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். தண்ணீர் ஆறிப் போய்விட்டது. நம் ஊர் பேண்டு செட் என்றால் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஊதுவார்கள். இதில் ஒருவர் நிறுத்திய இடத்தில் அடுத்தவர் எடுத்தார். நடுவில் டிராம்போன் மட்டும் தனியாக ஒரு இடம். அதைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவர் ஊதியது.

அடுத்து மற்ற பாட்டுகள் வந்தன. கைதட்டி ஆட வைக்கிற பிடில் பாட்டு, ஆண்கள் கூட்டமாகப் பாடுகிற கடல் பாட்டு, ஒரு பெண் தனியாக, வாத்தியமே இல்லாமல் பாடுகிற பாட்டு. எனக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் பதினாலு பாட்டையும் என் போனுக்கு அனுப்பிவிட்டார். பெயரெல்லாம் அவர்கள் எழுத்தில் இருந்தது. எது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று எண்ணி வைத்துக்கொண்டேன்.

என் இயர்போனில் இடது காது மட்டும்தான் வேலை செய்யும். அது போதும். காலை பஸ்ஸில் பதினாலு பாட்டு, சாயங்கால பஸ்ஸில் பதினாலு பாட்டு. முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லை. வெந்த கஞ்சி மாதிரி எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. மூன்றாம் நாள் நெடுமங்காடு தாண்டும்போது ஒரு சொல் தனியாகத் தெரிந்தது. 'யெம்.' கடல் பாட்டில் வந்த அதே 'யெம்' பிடில் பாட்டிலும் வந்தது, ஒன்பதாம் பாட்டிலும் வந்தது. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. மத்தியானம் அவரிடம் போய் "யெம்?" என்றேன். அவர் இடது கையால் கூரை போட்டுக் காட்டினார், கதவைத் திறந்து காட்டினார், உள்ளே நுழைந்து செருப்பைக் கழற்றி, அப்பாடா என்று உட்கார்ந்தும் காட்டினார். "வீடு" என்றேன். "வீது" என்றார்.

அப்படித்தான் பாடம் நடந்தது. நான் பஸ்ஸில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போவேன், அவர் நடித்துக் காட்டுவார், நான் தமிழில் சொல்வேன், அதை அவர் எழுதிக்கொள்வார். 'ஹாவ்' என்றால் கடல். 'ஸ்னோ' என்றால் பனி. அதைக் காட்ட அவர் தலையணை உறையை உதறியதில் சமையல்கட்டில் வேலை பார்க்கிற சேச்சி வந்து என்ன சண்டை என்று பார்த்துவிட்டுப் போனார். நான் எல்லாவற்றையும் காலண்டர் தாளுக்குப் பின்னால் தமிழ் எழுத்தில் எழுதினேன். நம் எழுத்தில் அடங்காத சத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். எங்கள் பேச்சில் ஒரே ஒரு விஷயம் மட்டும் வரவில்லை. அந்த அறையில் முழிப்புக்குத்தான் வேலை. தூக்கம் என்பதற்கு அவர் பாஷையில் என்ன சொல் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. டாக்டருக்குப் பயந்து இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கை எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தோம். டிராம்போன் இல்லை, அதனால் ஒட்டடைக் கம்பு. கம்பின் ஒரு முனையை இடது கையால் வாயருகே பிடித்துக்கொண்டு, வலது கையைக் கம்பின் மேல் முன்னால் தள்ளிக்கொண்டே போவார். எதுவரை போனதோ அங்கே நான் சிவப்பு நூல் கட்டுவேன். முழுசாக நீண்டால் எங்கே வர வேண்டும் என்று அவர் முதலிலேயே பேனாவால் கோடு போட்டிருந்தார். முதல் நாள் நூலுக்கும் கோட்டுக்கும் இரண்டு சாண் தூரம். ஒவ்வொரு நாளும் ஒரு விரல், அரை விரல் என்று நூல் நகர்ந்தது. சேச்சி ஒட்டடை அடிக்கக் கம்பைத் தேடி வந்து, நூலைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, எந்தா இது, கம்பினு காப்பு கெட்டியோ?" என்று கேட்டார். கம்புக்குக் காப்புக் கட்டி வைத்திருக்கிறோமாம். அன்று முதல் எங்கள் சிலந்திகளுக்கு நல்ல காலம்.

பதினாலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்பதாம் பாட்டு. பெண் தனியாகப் பாடுவது. மெதுவாக, தண்ணீரில் இலை போகிற மாதிரி போகும். அதில் 'சோவெ' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். அவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாளே, யாரோ பிள்ளையின் பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. அந்தப் பாட்டை முழுசாக மனப்பாடம் பண்ணி, அவர் கிளம்புவதற்குள் ஒருநாள் திடீரென்று பாடிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ரகசியம்.

சாயங்கால பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பக் கேட்பேன். விசித்திரம் என்னவென்றால், ஒருநாள்கூட நெடுமங்காட்டுக்கு அப்பால் நான் முழித்திருந்ததில்லை. கண்டக்டர் தட்டி, "அண்ணாச்சி, தம்பானூர் எத்தி" என்று எழுப்புவார். விடியுமுன் எழுந்து போகிற அசதி என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பாடிப் பார்த்தேன். சின்னவள் இட்லியைக் கையில் வைத்தபடியே கண்ணை மூடிவிட்டாள். என் மனைவி, "ஏங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்குக் கொட்டாவி கொட்டாவியா வருது" என்றாள். எனக்குக் குரல் சரியில்லை போலிருக்கிறது என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இவ்வளவு பட்டும் எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

பதினைந்தாம் நாள் கிழி தொடங்கியது. கிழி முடிந்து வருகிறவர்களைப் பார்த்தால் இடியாப்ப மாவு மாதிரி இருப்பார்கள், எலும்பே இருக்காது. அன்று அவர் கண் இமை தானாக இறங்கியது. ஒட்டடைக் கம்பில் நூல் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இன்னும் ஆறு நாள். மத்தியானம் ஒன்றே காலுக்குக் கரண்ட் போயிற்று. ஸ்பீக்கரிலும் சார்ஜ் இல்லை. அவர் சுவரில் சாய்ந்து, "யெய் ஆர் வோக்கன், யெய் ஆர் வோக்கன்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி 'வோக்கன்' பாதியில் நின்றது. இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. பாட்டுப் பிடித்த மனிதர். அவர் பாஷையில் திடீரென்று நான் பாடினால் தூக்கம் எங்கே நிற்கும்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்பதாம் பாட்டைப் பாடினேன்.

முதல் வரியில் கண்ணை அகலத் திறந்தார். வாயும் திறந்துகொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னும் மெதுவாக, இன்னும் இனிமையாகப் பாடினேன். இரண்டாம் அடியில் சிரித்தார். மூன்றாம் அடியில் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். நாலாம் அடியில் அந்தக் கை இறங்கி மடியில் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாம் அடியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

சேச்சி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கியபோது மணி இரண்டு. நான் ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அவர் கட்டிலில் குறட்டை. சேச்சி குரலை இறக்கிச் சொன்னார்: "எந்தொரு கூத்தா அண்ணாச்சி இது. சாயிப்பும் ஒறங்கி, காவலும் ஒறங்கி. டாக்டர் அடுத்த அறையில உண்டு. ஒறங்கலேன்னு பறஞ்சா மதி, ஞான் ஒண்ணும் கண்டில்லா." வெள்ளைக்காரரும் தூங்கி, காவலும் தூங்கியாயிற்று, தூங்கவில்லை என்று சொல்லிவிடு, நான் எதையும் பார்க்கவில்லை என்கிறார். நல்ல மனசு அவருக்கு. பதினைந்து நாளும் கிண்டல் பண்ணியவர், இந்த நேரத்தில் எங்கள் பக்கம் நின்றார்.

அதற்குள் டாக்டர் வாசலில் நின்றார். அவருக்கு என் கன்னத்தில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது தெரிந்திருக்கும். "ஒறங்கியோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லிக் கிழியைத் தொடர்ந்து, தூங்கிய உடம்பில் அது வேறு ஏதாவது பண்ணி, அந்தக் கை அப்படியே நின்றுவிட்டால்? மருந்து விஷயம், எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் உள்ளதைச் சொல்வதுதான் அந்தக் கைக்கு நல்லது. "டாக்டரே, ஒண்ணே காலுக்கு நான் பாடினேன். அவரு தூங்கிட்டாரு, நானும் தூங்கிட்டேன். தப்பு என்னுது. இத்தனை நாள் அவரு கண் அசரல, அந்தக் கம்பைப் பாருங்க" என்று சிவப்பு நூல்களைக் காட்டினேன்.

அந்தச் சத்தத்தில் அவர் முழித்துக்கொண்டார். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, நடந்தது தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் டாக்டரிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதே சிரிப்பு வந்து, சொல்ல முடியாமல் கட்டில் குலுங்கியது. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். அது தாலாட்டாம். தினமும் அவர் தன் மகளைத் தூங்கப் பண்ணுகிற தாலாட்டாம். வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பாடுவாராம், அவளை முந்தி அவரே தூங்கிவிடாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொள்வாராம். 'சோவெ' என்றால் தூங்குவது.

பிள்ளையின் பெயர் என்று நினைத்து, தூங்கு தூங்கு என்று எட்டுத் தடவை ஆசையாகச் சொல்லியிருக்கிறேன். ஊரில் வேறு யாராவது இந்த வேலையைச் செய்வார்களா?

டாக்டர் என்னை அந்தப் பாட்டை இரண்டு அடி பாடச் சொன்னார். பாடினேன். முகத்தைத் திருப்பி வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். சிரித்தாரோ, கொட்டாவி விட்டாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தோளை அழுத்திப் பார்த்தார். ஏழாம் நம்பர்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார், நானும். கடைசியில், நிறுத்த வேண்டாம் என்றார். முக்கால் மணி நேரம்தான், நாளைக்குக் கிழி இல்லை, வெறும் கஞ்சி, அதற்கடுத்த நாள் தொடரலாம். ஆனால் மத்தியானம் அந்த அறையில் மெத்தை இருக்கக் கூடாது, ஒரு மணி முதல் நாலு மணி வரை அவர் சமையல்கட்டில் உட்கார வேண்டும். போகிற போக்கில் திரும்பி, "சேட்டன் இனி பாடண்ட, கேட்டோ" என்றார். நான் இனிமேல் பாடக் கூடாது. நியாயம்தான்.

மெத்தையைச் சுருட்டி நான் தலையில் தூக்கிக்கொண்டு போக, பின்னால் அவர் ஒட்டடைக் கம்போடு வந்தார். ஊர்வலம்தான்.

சமையல்கட்டு சேச்சியின் ராஜ்யம். எங்களுக்கு விறகடுப்புத்தான், மருந்துக் கஞ்சிக்கு அதுதான் பக்குவம். அடுப்பு மந்தமானால் ஊத இரும்பில் ஒரு ஊதுகுழல் உண்டு. முதல் நாள் அவர் அதைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார். பிறகு உதட்டில் வைத்து ஊதினார். அடுப்பில் சாம்பல் எழும்பவில்லை, குழலில் இருந்து யானை பிளிறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சேச்சி கையிலிருந்த பயறு தட்டோடு கவிழ்ந்தது.

"ஈ சாயிப்பு அடுப்பு ஊதுந்நதோ, கல்யாணம் ஊதுந்நதோ?" என்றார் சேச்சி.

இரண்டையும் ஊதினார். ஊர்வலப் பாட்டை அந்த ஒரே குழலில், மூன்று நான்கு சுரத்தை மட்டும் வைத்து ஊதுவார், அடுப்பும் நன்றாக எரியும். இடையிடையே குழலை வாயில் வைத்தபடி வலது கையை டிராம்போன் மாதிரி முன்னால் தள்ளிப் பார்ப்பார். கொஞ்சம் நீளும், நிற்கும், முகம் சுருங்கும், மறுபடி தள்ளுவார். நான் பயறு பொறுக்கிக்கொண்டே சொல் கேட்பேன். 'சால்த்' என்றால் உப்பு. நெருப்பு, பானை, சாம்பல், எல்லாம் அங்கே படித்ததுதான். அவர் மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாகப் படித்தார், எது எது என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினார். தம்பானூரில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம் என்பதால் யாரும் திருத்தவில்லை. அந்த மத்தியானங்களில் ஒரு தடவைகூட அவருக்குக் கண் சொக்கவில்லை.

இருபதாம் நாள். கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சேச்சி இரண்டு கையிலும் பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தார். உப்பு ஜாடி அடுப்புக்கு அப்பால், சுவர் அலமாரியில் இருந்தது. "சாயிப்பே, ஆ உப்பு இங்ஙோட்டு எடு" என்றார், என்னிடம் சொல்கிற மாதிரியே. அவர் எழுந்தார். யோசிக்கவில்லை. வலது கையை அடுப்புக்கு மேலே நீட்டினார், ஜாடியை எடுத்தார், சேச்சியின் பக்கத்தில் வைத்தார்.

வைத்துவிட்டு அப்படியே நின்றார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். சேச்சிக்கு மட்டும் என்ன நடந்தது என்று தெரியவில்லை, ஏன் இரண்டு பேரும் உப்பு ஜாடியைப் பார்த்து நிற்கிறார்கள் என்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் ஜாடியைத் திரும்பக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். மறுபடி எடுத்தார். மூன்றாம் தடவை வைத்து எடுத்ததும் நான் ஒட்டடைக் கம்பைக் கொண்டுவந்தேன். கை பேனாக் கோட்டைத் தொட்டு, அதற்கு மேலும் ஒரு விரல் போனது. அங்கே கட்ட என்னிடம் நூல் தீர்ந்து போயிருந்தது. சேச்சி தன் புடவைத் தலைப்பில் தொங்கிய நூலைப் பிய்த்துத் தந்தார்.

இருபத்தொன்றாம் நாள் சாயங்காலம் அவர் கிளம்பினார். நிலையில் இடித்துக்கொண்டு, நிலையிடம் "சாரி" சொல்லிவிட்டு, என்னிடம் "போயிட்டு வரேன் அண்ணாச்சி" என்றார். நான் "யெம்" என்றேன். வீட்டுக்கு என்று சொல்ல நினைத்தது. அவருக்குப் புரிந்தது.

பிறகும் நான் கேட்பதை விடவில்லை. பதினாலு பாட்டு முடிந்து, போனில் அந்த ஊர் ரேடியோவைத் தேடிப் பிடித்தேன். செய்தியில் பாதி புரியாது, ஆனால் பனி எங்கே விழும் என்று சொல்வது புரியும். வித்துரா பஸ்ஸில் வேர்த்து வழிந்துகொண்டு, இன்றைக்கு அவர் லாரி ஓடும், இன்றைக்கு ஓடாது என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் ஒன்பதாம் பாட்டை மட்டும் போடுவதில்லை. அது வீட்டில் சின்னவள் அடம் பிடிக்கிற நாளுக்கு.

மே மாதம் ஒருநாள் மத்தியானம், இப்போதெல்லாம் மத்தியானத்தில் மெத்தை போடாத அறைகளின் கதவைத் தட்டி முடித்து, சமையல்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். போனில் ஒரு வீடியோ வந்தது. சாயங்காலம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ஒரு தெரு. பிள்ளைகள் கொடி பிடித்து வருகிறார்கள். நடுவில் ஒரு சின்னப் பெண் நடந்துகொண்டே அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் பேண்டு. எல்லோரையும் விட உயரமாக அவர். தனியாக டிராம்போன் வருகிற இடம் வந்தது. குழாய் முன்னால் போனது, போய்க்கொண்டே இருந்தது, கை முழுசாக, கடைசி வரை. "அப்பா, நூல் கட்டுன இடம் தாண்டிடுச்சு" என்றாள் மூத்தவள்.

பாட்டு முடிந்ததும் படம் கொஞ்சம் ஆடியது. அவர் முகம் பக்கத்தில் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, சிவந்த முகத்தோடு, கதவைத் தட்டுகிற மாதிரி போனின் கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"அண்ணாச்சி, முழிச்சிருக்கீங்களா?"

வீடியோ என்று தெரியும், அவருக்குக் கேட்காது என்றும் தெரியும். நான் எழுந்து நின்று, "யெய் ஆர் வோக்கன்" என்றேன். மூத்தவள் அப்போது என்னைப் பார்த்த பார்வையோடுதான், லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், தமிழ் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.